உட்கார்ந்து பார்த்த தோட்டம், நடந்து பார்க்கும் தோட்டம்: ஒகயாமா கோராக்குவென் குறித்து

1. கேள்வி

மேற்கு ஜப்பானின் ஒகயாமா நகரத்தில் அசாஹி ஆறு வளைந்து போகும் இடத்தில், ஆற்றிடைத் தீவு ஒன்றில் கோராக்குவென் தோட்டம் இருக்கிறது. பரப்பு 13.3 ஹெக்டேர். கனசாவாவின் கென்ரோக்குவென், மித்தோவின் கைராக்குவென் ஆகியவற்றோடு சேர்த்து ஜப்பானின் மூன்று பெருந்தோட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். இதை அறிமுகப்படுத்தும் நூல்களும் கையேடுகளும் 'உலாத் தோட்டம்' என்ற வகையில் வைத்தே பேசுகின்றன. அந்த வகையின் இலக்கணம் எளிது. நடுவில் குளம், குளத்தைச் சுற்றிப் பாதை, பாதை திரும்பும் இடந்தோறும் ஒரு காட்சி மறைந்து வேறொன்று விரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து முடிக்கக்கூடிய கோயில் மணல் தோட்டங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது நடப்பவரின் கால்கள்தாம் என்பார்கள்.

இந்த இலக்கணம் தோட்டத்தைக் கட்டியவர்களின் எண்ணத்திலிருந்து வந்ததா, அல்லது பிற்காலத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்களின் அனுபவத்திலிருந்து வந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கோராக்குவென் 1700-இல் கட்டி முடிக்கப்பட்டது. பொதுமக்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது 1884-இல். இடைப்பட்ட 184 ஆண்டுகளில் அங்கே யார், எப்படி, எங்கிருந்து பார்த்தார்கள் என்று கேட்காமல் 'உலா' என்ற சொல்லை 1700-க்குக் கொண்டுபோவது சரியாகாது. என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோராக்குவென்னைக் கட்டியவர்களுக்கு நடை என்பது ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்குப் போகும் வழி. அந்த வழியே தோட்டத்தின் சாரமாகத் தோன்றத் தொடங்கியது, இருக்கைகள் நமக்கு மூடப்பட்ட பிறகு. இதற்கு எதிரான சான்றுகளும் உண்டு. அவற்றில் சில வலுவானவை.

2. வகைப்பாடு யாருடையது

எடோ காலத்தில் (1603–1868) தோட்டக்கலை நூல்கள் அச்சில் வந்து பரவலாகப் படிக்கப்பட்டன. கித்தமுரா என்கின் 1735-இல் வெளியிட்ட நூலும், அதன் தொடர்ச்சியாக அகிசாத்தோ ரித்தோ 1828-இல் வெளியிட்ட நூலும் அவற்றுள் புகழ்பெற்றவை. இவை தோட்டங்களைக் குன்றுத் தோட்டம், சமதளத் தோட்டம் என்று நிலத்தின் வடிவத்தை வைத்துப் பிரித்தன. ஒவ்வொன்றிலும் முறையானது, இடைப்பட்டது, தளர்ந்தது என்று படிநிலைகள் வகுத்தன. ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜோசையா காண்டர் 1893-இல் ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோதும் இந்தப் பழைய பகுப்பையே பின்பற்றினார். ஓரிடத்தில் இருந்து பார்ப்பது, படகில் சென்று பார்ப்பது, நடந்து பார்ப்பது என்று பார்வையாளரின் உடல் நிலையை வைத்துப் பிரிக்கும் பழக்கம், தோட்ட வரலாறு ஒரு கல்வித்துறையாக வளர்ந்த 20-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

அந்த நூற்றாண்டின் கட்டடக்கலை உலகமும் இதற்குத் துணைநின்றது. ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் புரூனோ டவுட் 1933 மே மாதம் ஜப்பானில் வந்திறங்கிய மறுநாளே கியோட்டோவின் கட்சுரா அரண்மனைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவர் எழுதிய பாராட்டுகள் கட்சுராவை நவீனக் கட்டடக்கலையின் மூதாதையாக்கின. நகர்ந்துகொண்டே இருக்கும் கண், முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டாமல் துண்டு துண்டாகக் காட்டும் அமைப்பு என்பனவெல்லாம் அப்போதைய ஐரோப்பியக் கட்டடக்கலைக்கும் பிடித்தமான கருத்துகள். தாங்கள் தேடியதை அவர்கள் கட்சுராவில் கண்டார்கள் என்பதே என் ஐயம். கட்சுராவில் அது இல்லவே இல்லை என்று சொல்லவும் முடியாது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

தைம்யோக்களின், அதாவது வட்டார ஆட்சித் தலைவர்களின், தோட்டங்கள் இந்தக் கவனத்தில் பின்தங்கியே இருந்தன. கியோட்டோவின் கோயில் தோட்டங்களில் தியானமும் தத்துவமும் தேடிய ஆய்வாளர்களுக்கு, பெரிய குளமும் விருந்து மண்டபமும் கொண்ட தைம்யோ தோட்டங்கள் ஆடம்பரமாகவும் சற்றுத் தாழ்ந்தவையாகவும் பட்டன. இந்தப் போக்கை நேரடியாக எதிர்த்தவர் ஷிரஹாத்தா யோசபுரோ. 1997-இல் வெளிவந்த நூலில், தைம்யோ தோட்டத்தை விருந்துக்கும் சமூக உறவுக்குமான இடமாகப் படிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அழகை மட்டும் அளவுகோலாக்கினால் அந்தத் தோட்டங்கள் எதற்காக இருந்தன என்பதே தவறிவிடும் என்பது அவர் நிலைப்பாடு. கோராக்குவென்னைப் பொறுத்தவரை கன்பாரா குனியோ இதே பாதையில் இன்னும் ஆழமாகச் சென்றவர். தோட்ட அலுவலர்கள் எழுதிவைத்த பதிவேடுகளைப் பதிப்பித்ததோடு, தோட்டம் எப்படிப் பயன்பட்டது என்பதையே தனி ஆய்வுப்பொருளாக்கினார். இக்கட்டுரையின் அணுகுமுறை இவ்விருவருக்கும் கடன்பட்டது. ஆனால் விருந்து என்ற ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடும் ஷிரஹாத்தாவின் அழுத்தம் ஒகயாமாவுக்கு முழுவதும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே வயல் இருந்தது.

3. வயலும் வீடும்

ஒகயாமா 3,15,000 கோகு மதிப்புள்ள பெரிய ஆட்சிப்பகுதி. கோகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி. ஒரு தைம்யோவின் தகுதி இந்த அளவில்தான் கணிக்கப்பட்டது. 1682-இல் இறந்த இகேடா மிட்சுமசா கன்ஃபூசியக் கொள்கையில் ஊறியவர். சிக்கனத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் பெயர்பெற்றவர். அவர் மகன் ட்சுனமசா 1687-இல் தோட்டப் பணியைத் தொடங்கச் சொன்னபோது, பொறுப்பேற்றவர் தந்தையின் காலத்திலிருந்தே பணியாற்றிய ட்சுடா நாகதடா. இந்த மனிதரைத் தோட்டக்கலைஞர் என்று அழைப்பது அவருடைய பணியைக் குறுக்குவதாகும். கடலோரச் சதுப்பை வயலாக்கியவர். ஒகயாமாவை வெள்ளத்திலிருந்து காக்கும் ஹியாக்கென் வடிகாலாற்றை வெட்டியவர். ஊர்ப் பிள்ளைகளுக்கும் இடமளித்த ஷிசுதானிப் பள்ளியை எழுப்பியவர். மண்ணையும் நீரையும் கணக்கிட்டு வேலை வாங்கத் தெரிந்த அதிகாரி.

கோராக்குவென்னில் அந்தக் கை தெரிகிறது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் மேலே ஆற்று நீரைப் பிரித்துக் கால்வாயில் கொண்டுவந்து தோட்டத்துக்குள் விட்டார்கள். இன்று நிலத்தடி நீரை இறைத்து விடுகிறார்கள். ஆனால் உள்ளே சுற்றி ஓடும் 640 மீட்டர் நீளமான வாய்க்கால் அதே போக்கில்தான் ஓடுகிறது. குளங்கள், அருவிகள் எல்லாமே இந்த ஒற்றை வாய்க்காலில் கோத்தவை. நீர் போகும் வழியை முதலில் தீர்மானித்து, மனிதர் போகும் வழியை அதற்குப் பிறகு தீர்மானித்த தோட்டம் இது என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்ககாலத் தோட்டத்தில் பெரும்பரப்பு வயல்களும் புல்வெளியுமாகவே இருந்தது. ஆட்சியாளரின் விருப்பத்துக்கும் கருவூலத்தின் நிலைக்கும் ஏற்ப இவ்விரண்டும் பிற்காலத்தில் விரிந்தும் சுருங்கியும் வந்தன. இன்று ஒரு மூலையில் எஞ்சியிருப்பது தேயிலைத் தோட்டமும் 'கிணற்று வயல்' என்னும் சதுர நிலமும். பண்டைச் சீனாவின் சோ அரசர் காலத்து வரி முறையாகக் கன்ஃபூசிய நூல்கள் போற்றிய ஏற்பாடு அது. நிலத்தை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, எட்டைக் குடும்பங்களுக்கு விட்டு, நடுக்கட்டத்தின் விளைச்சலை அரசுக்கு எடுத்துக்கொள்வது. மிட்சுமசாவின் நிழல் மகனின் இன்பத் தோட்டத்துக்குள்ளும் விழுந்திருப்பதை இங்கே காணலாம். நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் தலைநகர் எடோவில், மித்தோ தைம்யோவின் கொய்ஷிகவா தோட்டத்திலும் இப்படி ஒரு வயல் உண்டு. உழவர் படும் பாட்டைத் தன் வாரிசின் மனைவிக்கு உணர்த்த தொக்குகவா மிட்சுகுனி அதை அமைத்தார் என்பது செய்தி.

இந்த வயல்களை எங்கிருந்து பார்த்தார்கள்? தத்தாமிப் பாய் விரித்த அறைகளிலிருந்து. தோட்டத்தின் தலைமைக் கட்டடமான என்யோதெய், ஆட்சியாளர் வந்து தங்கும் இடம். அதன் திறந்த பக்கத்தில் அமர்ந்தால் புல்வெளியும் சாவா குளமும் அதற்கு அப்பால் மிசாவோ மலையும் ஒரே பார்வையில் விழும். அதையொட்டியே நோ நாடக மேடை. ட்சுனமசா நோவில் பித்துக்கொண்டவர், தானே ஆடுவார், அதைக் காணக் குடிமக்களையும் உள்ளே விட்டிருக்கிறார். ஆண்டவன் ஆட, ஆளப்படுவோர் உட்கார்ந்து பார்த்த அந்த நாள்களில் தோட்டத்தின் மையம் ஒரு மரமேடை. குளக்கரையில் இருந்த ரென்ச்சிகென் என்ற சிறு வீடு ட்சுனமசாவுக்குப் பிடித்தமானது. சற்றுத் தள்ளி ரியூதென் மண்டபம்: சுவரில்லாத கீழ்த்தளத்தின் நடுவே வாய்க்காலே புகுந்து ஓடும், நீருக்குள் வண்ணம் வேறுபட்ட 6 கற்கள். இவற்றையெல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு காட்சிக்குச் சொந்தக்காரன் என்பது தெரியும். காட்சி கட்டடத்திலிருந்து பிறக்கிறது. கட்டடம் காட்சியில் ஓர் அலங்காரமாக வந்து சேரவில்லை.

ஆட்சியாளர் உள்ளே வந்த முறையும் கவனிக்கத்தக்கது. கோட்டை எதிர்க்கரையில். அவர் ஆற்றைப் படகில் கடந்து தோட்டத்துக்குள் வந்தார். படகு வந்து நின்ற இடம் இன்றும் அடையாளம் காட்டப்படுகிறது. இன்னொன்று, 1635 முதல் தைம்யோக்கள் ஓராண்டு தம் ஊரிலும் மறு ஆண்டு எடோவிலும் வசிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தது. ஆகவே தன் தோட்டத்தை ஆட்சியாளர் பார்த்த காலம் ஏறத்தாழப் பாதிதான். பருவந்தோறும் மாறும் காட்சிகளின் தொடர் என்று இன்று வருணிக்கப்படும் அனுபவத்தை, எந்த ஒகயாமா ஆட்சியாளரும் இடையறாமல் பெற்றிருக்க முடியாது. அவர் இல்லாத ஆண்டுகளிலும் களை எடுக்கப்பட்டது, நாற்று நடப்பட்டது, வாய்க்கால் தூர்வாரப்பட்டது. கோராக்குவென்னில் அதிகம் நடந்தவர்கள் யார் என்று கேட்டால் விடை அந்தப் பக்கம் போகும்.

4. குன்று எழுந்தபின்

ட்சுனமசாவின் மகன் ட்சுகுமசா 1714-இல் பதவிக்கு வந்து 1752 வரை ஆண்டார். தோட்டத்தின் நடுவே யுயிஷின் என்ற செயற்கைக் குன்றை எழுப்பியவர் அவர். உயரம் 6 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் தட்டையான நிலம் என்பதால் அந்த 6 மீட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. குன்றின் அடிவாரத்தில் வாய்க்கால் வளைக்கப்பட்டது. சுரைக்காய் வடிவக் குளம் ஒன்று வெட்டப்பட்டது. தனித்தனியாகக் கிடந்த பகுதிகள் பாதைகளால் இணைந்தன. சுற்றி வருவது என்ற அனுபவம் கோராக்குவென்னில் பொருள்பெறுவது இந்தக் கட்டத்தில்தான்.

கட்டி முடித்த ஒரு தலைமுறைக்குப் பிறகு நடந்த மாற்றம் இது. ட்சுடா நாகதடா 1707-இலேயே இறந்துவிட்டார். ஆக, '1700-ஆம் ஆண்டின் உலாத் தோட்டம்' என்று சொல்லும்போது, ஒருவர் போட்ட அடித்தளத்தையும் இன்னொருவர் சேர்த்த குன்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். முதல் தோட்டம் கிடைமட்டமானது; என்யோதெய்யிலிருந்து பார்ப்பவருக்குத் தடையின்றித் திறந்திருந்தது. குன்று வந்ததும் அந்தத் திறந்த பார்வை பிளவுபட்டது. மறைத்துக் காட்டுதல் என்ற உத்தி அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது. நடை என்பது தந்தையின் தோட்டத்தில் மகன் செய்த திருத்தம் என்று சொல்லலாம். அந்தத் திருத்தத்திலும் உட்கார இடம் விடப்பட்டிருக்கிறது: குன்றின் சரிவில் யுயிஷின்தோ என்னும் சிறு மண்டபம் நிற்கிறது.

5. மறுபக்கச் சான்றுகள்

இதுவரை சொன்னதை வைத்து, எடோ காலத்தில் யாரும் தோட்டத்தில் நடக்கவே இல்லை, எல்லாம் நவீனக் கற்பனை என்று முடிவுகட்டினால் அது அபத்தம். குறைந்தது நான்கு இடங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது எடோவின் ரிக்குகியென். ஷோகுன் ட்சுனயோஷியின் நம்பிக்கைக்குரிய யனகிசாவா யோஷியாசு 1695-இல் பெற்ற நிலத்தில் 1702-இல் முடித்தது. வாக்கா கவிதை மரபில் வரும் இடப்பெயர்களைக் கொண்டு 88 இடங்களுக்குப் பெயர் சூட்டிக் கல் நட்டார். 88 கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போவதற்கு நடக்கத்தான் வேண்டும். வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெயர்கள் நடையை நம்பி மட்டும் இருக்கவில்லை. 1706-இல் கியோட்டோவில் இருந்த ஓய்வுபெற்ற பேரரசர் ரெய்கென் இத்தோட்டத்துக்கென 12 இடங்களையும் 8 காட்சிகளையும் தேர்ந்து அருளினார். எடோவுக்கு வராமலே நடந்த காரியம் இது. கவிதையாக மாறிவிட்ட தோட்டத்துக்குள் கால் வைக்காமலும் நுழையலாம் என்பதை அக்காலத்தவர் நன்றாக அறிந்திருந்தனர்.

அதே ரிக்குகியென்னில் யோஷியாசுவின் பேரன் நோபுத்தோகி 1773-இல் பதவி விலகி வந்து குடியேறி, ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பு எழுதினார். கிட்டத்தட்ட அன்றாடம் தோட்டத்துக்குள் நடந்த மனிதர். ஆனால் அவர் நடை எத்தகையது? கீரை பறிப்பது, காளான் தேடுவது, புல் பிடுங்குவது, கஷ்கொட்டை பொறுக்குவது. காட்சிகளை வரிசையாக நுகரும் பார்வையாளரை நாம் அந்தக் குறிப்பில் தேடினால், கைகளில் மண் ஒட்டிய ஒரு முதியவர்தான் எதிர்ப்படுகிறார். அவருடைய தோட்டத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விட விரும்புகிறேன். ஆனால் அதை வகைப்பாட்டுக்குள் அடைக்க வழியில்லை.

இரண்டாவது, எடோவில் ஓவாரி தைம்யோ வைத்திருந்த தொயாமா மாளிகைத் தோட்டம். நெடுஞ்சாலை ஊர் ஒன்றையே கடைகளோடு உள்ளே கட்டி வைத்திருந்தார்கள். ஷோகுன் இயெனாரி அங்கே வந்து தெருவில் நடந்து கடை பார்த்தார். இங்கே நடையே நிகழ்ச்சி. ஆனால் இது விருந்தினரை அழைத்துப்போய்க் காட்டும் நடை. வழிகாட்டுவோர், மெய்க்காவலர், பரிவாரம் எல்லாம் சேர்ந்த ஊர்வலம். தனியாக, தன் வேகத்தில், தன் விருப்பத்துக்கு நின்று நடப்பவர் இதில் இல்லை.

மூன்றாவது கட்சுரா. இளவரசர் தொஷிஹித்தோவும் அவர் மகன் தொஷித்தாதாவும் 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவாக்கியது. இங்குள்ள மிதிகற்கள் உண்மையாகவே கால்களை ஆள்கின்றன. ஒழுங்கற்ற இடைவெளியில் பதித்த கற்களில் நடப்பவர் குனிந்தே நடக்க வேண்டும்; சற்றுப் பெரிய கல் வரும்போது நின்று நிமிர்வார்; அங்கே காட்சி காத்திருக்கும். தேநீர்ச் சடங்குக்கான குடிலை நோக்கிப் போகும் ஒற்றையடிப் பாதையில் பிறந்த உத்தி இது. டவுட்டும் அவருக்குப் பின்வந்தவர்களும் இதைக் கண்டது பொய்யில்லை. அவர்கள் குறைத்துச் சொன்னது, அதே கட்சுராவில் பழைய மாளிகையின் முன்னே மூங்கிலால் அமைத்த நிலாமேடையையும், தேநீர்க் குடில்களின் முன்னே உள்ள படகுத்துறைகளையும். இன்று அரண்மனை நிர்வாக அலுவலகத்தின் அனுமதியுடன், வழிகாட்டியின் பின்னே, குறித்த வரிசையில்தான் அங்கே சுற்றிவர முடியும். மாளிகைக்குள் அனுமதி இல்லை, படகும் இல்லை. மூன்று வழிகளில் பார்க்கப்பட்ட தோட்டத்தில் ஒன்று மட்டும் நமக்கு எஞ்சியிருக்கிறது. அந்த ஒன்றையே அதன் இயல்பு என்று கற்பிக்கிறோம்.

நான்காவது சான்று கோராக்குவென்னுக்குள்ளேயே இருக்கிறது. ரியூதென்னுக்கு அருகே ஐரிஸ் செடிகளுக்கு நடுவே 8 பலகைகளைக் கோணல்மாணலாகப் போட்ட பாலம். 'இசே கதைகள்' என்னும் பழைய ஜப்பானிய நூலில் வரும் ஒரு பயணக் காட்சியை நினைவூட்டுவது. கதையை அறிந்தவர் அதில் கால்வைக்கும்போது பயணியாகிறார். நடையின் இன்பத்தை ஒகயாமாக்காரர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் பாலம் எவ்வளவு நீளம்? சில எட்டு. அதைக் கடந்ததும் ரியூதென்னில் உட்கார்ந்துவிடலாம்.

இந்தச் சான்றுகளை ஒருங்கே வைத்தால், தேநீருக்குப் போகும் நடை, விருந்தினரை நடத்திக் காட்டும் நடை, தன் தோட்டத்தில் வேலை செய்யும் நடை என மூன்று வகைகள் தெளிவாகின்றன. இவற்றில் எதுவும் இன்றைய பார்வையாளரின் நடையோடு ஒன்றாகாது.

6. வாயில் மாறியது

1868-இல் ஷோகுனாட்சி வீழ்ந்தது. 1871-இல் தைம்யோ ஆட்சிப்பகுதிகள் ஒழிக்கப்பட்டன. அந்த ஆண்டில்தான் தோட்டத்துக்குக் கோராக்குவென் என்ற பெயரும் சூட்டப்பட்டது. 1873-இல் புதிய அரசு, மக்கள் கூடி மகிழும் பழைய இடங்களைப் பொதுப் பூங்காக்களாக அறிவிக்க வழிவகுத்து ஆணையிட்டது. கென்ரோக்குவென் 1874-இலும் தகமட்சு நகரின் ரிட்சுரின் 1875-இலும் பொதுவாயின. ஒகயாமாவில் இகேடா குடும்பம் தோட்டத்தை 1884-இல் மாவட்ட அரசுக்குக் கொடுத்தது. அன்று முதல் திறப்பு.

குடிமக்கள் முன்பும் வந்ததுண்டு. நோ பார்க்கவும், குறித்த நாள்களில் சுற்றிப் பார்க்கவும். மித்தோவில் தொக்குகவா நரியாக்கி 1842-இல் கைராக்குவென்னைத் திறந்தபோதே மக்களும் அனுபவிக்க வேண்டும் என்ற நோக்கத்தை அறிவித்திருந்தார். எனவே 1884-ஐ இருளுக்குப் பின் வந்த விடியலாக வருணிக்க வேண்டியதில்லை. புதியது வேறொன்று: அழைப்பும் காரணமும் இல்லாமல், யாரும், எந்த நாளும் வரலாம் என்பது. அப்படி வருபவருக்கு விருந்து இல்லை, மேடையில் அவருக்காக ஆடுபவர் இல்லை, காத்திருக்கும் படகு இல்லை. என்யோதெய்யின் பாய்களில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஏறி அமர முடியாது. அவருக்கென்று இருப்பது பாதை மட்டுமே.

நுழையும் திசையும் மாறிவிட்டது. ஆட்சியாளர் கோட்டையிலிருந்து படகில் வந்தார். இன்று பெரும்பாலோர் பிரதான வாயில் வழியே நடந்து வருகிறார்கள்; கோட்டைப் பக்கத்திலிருந்து வருவோரும் போருக்குப் பின் கட்டிய பாலத்தைக் கடந்து தென்வாயிலில் நுழைகிறார்கள். பிரதான வாயிலில் நுழைந்தவர் என்யோதெய்யை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே கடந்து போகிறார். அந்த வீட்டிலிருந்து பார்க்க வேண்டிய காட்சியை முதுகுக்குப் பின்னே வீட்டை வைத்துக்கொண்டு நின்றபடி பார்க்கிறார். பார்வையின் உயரம், சட்டகமாக அமையும் தூண்களும் கூரைவிளிம்பும், எல்லாம் வேறு. புகைப்படங்களில் இப்போது அந்த வீடே காட்சிப்பொருள்.

மற்றத் தோட்டங்களிலும் பொதுமக்களின் வருகை நிலத்தையே மாற்றியிருக்கிறது. ரிட்சுரின்னின் வடபகுதி முன்பு வாத்து வேட்டைக்கான இடம்; அரண்மனைத் துறையைச் சேர்ந்த இச்சிகவா யுக்கிசுகெ 1911-க்கும் 1913-க்கும் இடையே அதைப் பூங்காவாகத் திருத்தியமைத்தார். வேட்டைக்குப் பதுங்கிய இடத்தில் இன்று நாம் அகன்ற பாதையில் நடந்து 'எடோ அழகை' வியக்கிறோம். கென்ரோக்குவென் நூறாண்டு காலம் இலவசமாக இருந்து, மிதிபட்டுத் தேய்ந்ததால் 1976-இல் கட்டணம் வைத்தது.

7. படத்தைப் பார்த்து மீட்டது

1934 செப்டம்பரில் முரோத்தோ புயலோடு வந்த வெள்ளம் கோராக்குவென்னை மூழ்கடித்தது. 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா மீது நடந்த விமானத் தாக்குதலில் கோட்டையும் என்யோதெய்யும் நோ மேடையும் எரிந்தன. ரியூதென்னும் ரென்ச்சிகென்னும் தப்பின. இரண்டு அழிவுக்குப் பிறகும் தோட்டத்தை மீட்க முடிந்ததற்குக் காரணம், இகேடா குடும்பம் பாதுகாத்த எடோ காலத்து வரைபடங்களும் ஆவணங்களும். அந்தத் தொகுப்பு இன்று ஒகயாமா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. என்யோதெய் 1960-இல் மீண்டும் எழுந்தது. எதிர்க்கரைக் கோட்டை 1966-இல் வலுவூட்டிய கான்கிரீட்டில் கட்டப்பட்டது; புல்வெளியிலிருந்து பார்க்கும் தூரத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

இந்த மீட்பைக் குறைசொல்ல எனக்கு எண்ணமில்லை; ஆவணங்களை இவ்வளவு நேர்மையாகப் பின்பற்றிய மறுகட்டுமானங்கள் அதிகமில்லை. ஆனால் ஆவணத்தின் தன்மையை மறக்கக் கூடாது. அந்தப் பழைய படங்கள் மேலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்டவை. எந்தக் கட்டடம் எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, எது வயல், எது குளம் என்று சொல்லும். யார் எங்கே உட்கார்ந்து எதைப் பார்த்தார் என்று சொல்லாது. அதற்குத் தோட்ட அலுவலர்களின் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். படத்திலிருந்து இடங்களை மீட்டோம். பதிவேட்டிலிருந்து மீட்கக்கூடியவற்றில் சிலவே திரும்ப வந்திருக்கின்றன. எடோ காலத்தில் வளர்க்கப்பட்டுப் போரோடு அற்றுப்போன பெருங்கொக்குகள் அவற்றில் ஒன்று. இளமையில் ஒகயாமாவில் படித்த சீன அறிஞர் குவோ மோருவோ 1956-இல் ஓர் இணையை அனுப்பிவைத்தார். ஜூன் மாதத்தில் கிணற்று வயலில் பாட்டோடு நடக்கும் நாற்று நடவு இன்னொன்று. அதே வயலின் ஒரு பகுதியில், 1951-இல் ஓகா இச்சிரோ கண்டெடுத்து முளைக்கவைத்த 2,000 ஆண்டு பழைய விதையின் வழிவந்த தாமரைகள் பூக்கின்றன. வரி முறையின் மாதிரியாக இருந்த நிலத்தில் எந்த எடோ ஆவணத்திலும் இல்லாத பூ. கண்டிப்பான மீட்பாளர் முகம் சுளிக்கக்கூடும். வயல் எப்போதும் ஆட்சியாளருக்கு ஆட்சியாளர் மாறிக்கொண்டே இருந்த தோட்டத்தில் இது எனக்கு முறைகேடாகத் தோன்றவில்லை.

இன்று அங்கே போகிறவர் ரியூதென்னில் கட்டணமின்றி உட்காரலாம். காலணியைக் கழற்றிவிட்டு நீரோட்டத்தின் ஓரத்தில் எவ்வளவு நேரமும் இருக்கலாம். என்யோதெய் சிறப்பு நாள்களில் மட்டும் திறக்கிறது. ரிட்சுரின்னில் நிலைமை வேறு: குளக்கரையில் உள்ள கிக்குகெட்சுதெய் மாளிகைக்குள் போய் அமர்ந்து தேநீர் குடிக்கலாம், குளத்தில் படகும் விடுகிறார்கள். அங்கே ஒரே குளத்தை நடந்தும், உட்கார்ந்தும், நீர்மட்டத்திலிருந்தும் பார்க்க ஒரு நாள் போதும். கரையில் பெரிதாக நின்ற குன்று படகிலிருந்து மலையாகிறது. மாளிகைக்குள் உட்கார்ந்தால் அதே குன்று தூணுக்கும் தூணுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. ஒகயாமாவிலும் என்யோதெய்யை முறைவைத்துத் திறந்தால், பாய் தேயும் செலவைக் கட்டணத்தில் ஈடுகட்டலாம். 1700-இன் தோட்டத்தைப் பற்றி நான் மேலே எழுதியவற்றில் பாதியை வருபவர்கள் தாங்களே உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம். மறுபாதியை, அதாவது ஆண்டவர் எடோவில் இருந்த ஆண்டுகளில் வாய்க்காலைத் தூர்வாரியவர்களுக்கு அந்தத் தோட்டம் எப்படித் தெரிந்தது என்பதை, எந்த அறையைத் திறந்தும் பார்க்க முடியாது.